ஊருக்கே பட்ட தீட்டு

காளியம்மன் துணை

மாசி மாதம், 1991

அன்பு மகன் முத்துவீரனுக்கு அம்மா வெள்ளத்தாய் எழுதிக்கொள்வது. இங்கே அடுப்பு எரிகிறது, வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது, உங்கப்பா வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை, ஆகவே எல்லாரும் சுகம் என்று வைத்துக்கொள். உன் சுகம் எப்படி என்று நீ எழுதினால்தானே எனக்குத் தெரியும். மாசம் ஒரு கார்டு வருகிறது, அதில் நலம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதுக்குக் கீழே உன் பேர். பூனாவில் மைக்குப் பஞ்சமா, இல்லை பட்டாளத்தில் உன் பேச்சையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டுதான் வெளியே விட்டார்களா. என் எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே, மூணாங்கிளாஸோடு என்னை ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள், ஆட்டுக்கு இந்த எழுத்து போதும் என்று நினைத்திருப்பார்கள். அக்கா செல்லத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் நன்றாக இருக்கிறாள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். உன் மச்சான் மட்டும் வளரவே இல்லை. ஆடிப்பூரத்துக்குத் தேர்ச்சக்கரத்தில் ஒரு நாள் முட்டுக்கட்டை போட்டுவிட்டு, அடுத்த ஆடி வரைக்கும் நான் இல்லையென்றால் தேர் மதுரைக்குப் போயிருக்கும் என்று பேசிக்கொண்டு திரிகிறார். போன வாரம் இங்கே வந்து அதையே சொன்னார். போயிருந்தா உம்மையும் கூட்டிட்டுப் போயிருக்கும், வீடு செத்த நேரம் அமைதியா இருந்திருக்கும் என்றேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டார், மிச்சச் சோற்றை நாய்க்கு வைத்தேன், அது ஒரு பேச்சும் பேசாமல் சாப்பிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊரில் பங்குனிப் பொங்கல் சாட்டிவிட்டார்கள், மூணாம் செவ்வாய் காப்புக்கட்டு. பொங்கல் என்றதும் உனக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். போன பங்குனியில் நடந்தது உனக்கும் மறந்திருக்காது, எனக்கும் மறக்கவில்லை, ஆனாலும் ஒருதரம் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் எனக்கு வயிறு ஆறும். அமைதிப் படை என்று சொல்லி உன்னைச் சிலோனுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்று சேதி வந்த அன்றைக்கே, என் பிள்ளை காலும் கையுமாகத் திரும்பி வந்தால் அவன் கையாலேயே தீச்சட்டி எடுக்க வைக்கிறேன் என்று ஆத்தாவுக்கு நேர்ந்துகொண்டேன். அவளும் கேட்டதைக் கேட்டபடி செய்தாள். நான் காதைச் சொல்லவில்லை, அதனால் இடது காதை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிட்டாள். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து, இனிமேல் பட்டாளத்துக்கு ஆகாது என்று எழுதிக் கையில் கொடுத்து, நீ வீடு வந்து சேர்ந்தாய். வந்தவனை எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள் சொல். லீவில் வரும்போதெல்லாம் உன் டிரங்குப் பெட்டியைத் திறக்கு முன்னால் ஆளாளுக்குத் தம்ளரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற கூட்டம், அந்தப் பெட்டியில் இனி ரம் பாட்டில் வராது என்று தெரிந்ததும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனது. உன் சித்தப்பன் சின்னக்கருப்பன் இருக்கிறானே, என் கொழுந்தன், நீ கொடுத்த பட்டாளத்துக் கம்பளிச் சட்டையைச் சித்திரை வெயிலிலும் போட்டுக்கொண்டு, வேர்வை வழிய வழிய மீசையை முறுக்கிக்கொண்டு, எங்க அண்ணன் மகன் ஆபீசருக்கு அடுத்தபடி என்று டீக்கடையில் அளந்துகொண்டிருந்தவன், நீ வந்த பொறவு அந்தச் சட்டையைக் கழற்றி மாட்டுத் தொழுவத்தில் மாட்டினான். இராஜபாளையத்தில் மில்லுக்கு வாட்ச்மேன் வேலை கேட்டுப் போனாய், காது கேட்காதவன் எப்படிக் காவல் காப்பான் என்று கேட்டார்களாம். அவர்கள் மில்லில் ஊதுகிற சங்கு செத்தவனையும் எழுப்பும், அதுக்கு ஒரு காது போதாதா.

அதெல்லாம் கூட நீ தாங்கினாய். சாமி சாட்டுகிற கூட்டத்தில், சட்டி எடுக்கிறவர்கள் பேர் சொல்லும்போது நீ எழுந்து உன் பேரைச் சொன்னாய். உடனே நாட்டாமை தனுஷ்கோடி தொண்டையைக் கனைத்தார். மாந்தோப்பும் வெள்ளை வேட்டியும் இருந்தால் நம்ம ஊரில் நியாயம் தெரிந்துவிடும். அங்க செத்ததெல்லாம் நம்ம சனம்ல, நம்ம சனம் விழுந்த எடத்துல துப்பாக்கியோட நின்ன பய, அந்தத் தீட்டோட ஆத்தா சட்டியத் தொட்டா ஊருக்கு ஆகாது என்றார். சின்னக்கருப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, எனக்கு என்ன, நான் கரகம் எடுக்குறவன், சுத்தம் பாக்கணும்ல என்றான். அவனுக்குச் சுத்தம். அவன் குளிக்கிற அன்றைக்குக் கிணற்றுத் தவளை வெளியே வந்து உட்காரும். நீ என்ன செய்தாய், ஒரு வார்த்தை பேசாமல் வேட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வந்தாய், மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலை தேடிப் பூனாவுக்கு ரயில் ஏறிவிட்டாய். குண்டு வெடிக்கிற இடத்தில் நின்றவன், மாங்காய் வியாபாரி தொண்டையைக் கனைத்ததுக்கு ஊரை விட்டு ஓடினான் என்று சொன்னால் உன் பட்டாளத்துக்காரர்கள் சிரிப்பார்களா மாட்டார்களா.

இந்த வருசக் கூட்டத்துக்கு நான் போனேன். உங்கப்பாவிடம்தான் முதலில் சொன்னேன், நீங்க எந்திரிச்சு நம்ம பையன் பேரச் சொல்லுங்க, கேட்டா பதில் சொல்லுங்க என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார், பொறவு இன்னொரு தோளில் போட்டார், அவ்வளவுதான் அவர் பதில். அதனால் பொம்பளைகள் நிற்கிற பக்கத்தில் இருந்து நானே முன்னால் வந்தேன். தீச்சட்டிக்கு என் மகன் முத்துவீரன் பேரை எழுதிக்கிடுங்க என்றேன். போன வருசமே பேசி முடிச்ச பேச்சு, மறுபடி என்னத்துக்கு என்றார் நாட்டாமை. முடிச்சது நீங்க, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு அண்ணாச்சி, செத்தது நம்ம சனமா, ஒட்டுறவு இல்லாத அசல் சனமா, அத மட்டும் சொல்லும் என்றேன். அவர் எப்படி அசல் என்று சொல்வார், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சிலோனில் செத்தவன் என் கூடப் பிறந்தவன், என் ரத்தம் என்று தொண்டை கிழியக் கத்தினவர், அன்றைக்கு முழுக்க உண்ணாவிரதம் இருந்து சாயங்காலம் புரோட்டாக் கடையில் முடித்தவர். நம்ம சனந்தான், அதுல என்ன சந்தேகம் என்று நெஞ்சை நிமிர்த்தினார். கூட்டமும் ஆமா ஆமா என்றது.

அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். நல்லது, அப்ப கூடப் பொறந்தவன் செத்தா யாருக்குத் தீட்டு, நின்னு பாத்தவனுக்கு மட்டுமா, பங்காளி அம்புட்டுப் பேருக்குமா என்று கேட்டேன். நம்ம ஊரில் முக்கால்வாசிப் பேர் ஒருத்தருக்கொருத்தர் பங்காளி என்று உனக்குத் தெரியும். நீங்க எப்ப மொட்ட போட்டீக, எப்ப பதினாறு கும்பிட்டீக, எந்த ஆத்துல முழுகுனீக, நான் பாக்கலயே, போன வருசம் தீட்டோடயா ஆத்தாளுக்குக் கெடா வெட்டினீக என்றேன். நாட்டாமை கை தானாகத் தலைமுடியைத் தடவிப் பார்த்தது. சின்னக்கருப்பனுக்குத்தான் முதலில் பயம் வந்தது, கரகம் போய்விடுமே. மதினி, கடல் தாண்டுனா தீட்டு ஒட்டாது, அது சாஸ்திரம் என்றான். என்ன சாஸ்திரம், அவன் பார்த்த புஸ்தகம் சீட்டுக்கட்டு ஒன்றுதான். அப்படின்னா என் மகனும் கடலத் தாண்டித்தான கொழுந்தனாரே வந்தான், அவன் தீட்டு மட்டும் டிக்கட் எடுத்துக் கப்பல்ல ஏறி வந்துச்சா என்று கேட்டேன். பொம்பளைகள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நம்ம பக்கத்து வீட்டுச் சுடலைமாடத்திக்கு முகம் மாறிவிட்டது. ஏட்டி, அப்ப போன வருசம் நாம வச்ச பொங்கல ஆத்தா எடுத்துக்கிடலயா, அதுக்குத்தான் என் கோழி அம்புட்டும் சீக்குல போச்சா என்று ஒரு போடு போட்டாள். அம்புட்டுத்தான். மழை பொய்த்தது, கிணறு வற்றினது, ஒருத்தி மகளுக்கு மாப்பிள்ளை அமையாதது, நாட்டாமை தோப்பில் சப்பட்டை ரக மாங்காய் எல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்தது, எல்லாம் சேர்ந்துகொண்டது. தீட்டோடு சாமி கும்பிட்டுவிட்டோம் என்று ஊரே நடுங்கிப் போனது. நான் கேட்டது உன் பேரை எழுதச் சொல்லி, அவர்கள் பயந்தது கோழிக்கும் மாங்காய்க்கும்.

பொறவு நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். செத்தவர்கள் அசல் என்று சொன்னால் தேரடிப் பேச்சு போகும், நம்ம சனம் என்றால் தீட்டுக் கழித்தாக வேண்டும், வேறு வழி இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் கண்மாய்க் கரையில் ஆம்பிளைகள் எல்லாரும் வரிசையாக உட்கார, கான்சாபுரத்தில் இருந்து வந்த நாவிதர் ஒவ்வொருத்தராகச் சிரைத்துக்கொண்டே போனார். யாருக்குய்யா கேதம், யாரு செத்தது என்று அவர் கேட்க, நாட்டாமை, பொதுக் கேதம் என்றாராம். கேதத்தில் பொதுக் கேதம் என்று ஒன்று நான் பிறந்ததில் இருந்து கேட்டதில்லை. சின்னக்கருப்பன் முறை வந்ததும் மீசையை விட்டுவிடு என்று கெஞ்சியிருக்கிறான். கரகம் எடுக்குறவனுக்குச் சுத்தம் வேணும்ல, எடுத்துரு என்று நாட்டாமையே சொல்லிவிட்டார். எடுத்த பொறவு பார்த்தால் அந்த மூஞ்சியில் ஒன்றுமே இல்லை, உதடும் இல்லை, வெறும் ஓட்டைதான் இருக்கிறது. எனக்கு முன்னால் வந்து, மதினி இப்பத் திருப்திதானா என்றான். உமக்கு இதுதான் நல்லாருக்கு, இனிமே நீரு பேசுறது பொய்யின்னு மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிடலாம் என்றேன். அவனுக்கு அழுகை வரப் பார்த்தது, நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். உங்கப்பா அந்த வரிசையில் போய் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டதுக்கு, இது என்ன கேதமா கண்காட்சியா என்று மட்டும் சொன்னார். முழுகி முடித்து மஞ்சத் தண்ணீர் தெளித்த பொறவு, நாட்டாமை என்னைக் கூப்பிட்டு உன் பேரை எழுதியாச்சு, மகனைக் காப்புக்கு வரச் சொல் என்றார். பெரிய வரம் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு நிற்பு. இந்த மனுசர்கள் தீட்டு என்றால் நீ தொடக்கூடாது, கழிந்தது என்றால் நீ தொடலாம். அவர்களுக்கு அது சட்டை மாற்றுகிற மாதிரி.

இதை எழுதும்போது எனக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது, நீயும் இந்த இடம் வரை சிரித்திருப்பாய் என்று நினைக்கிறேன். ஆனால் ஏலே, எனக்கு உன்னைத் தெரியாதா. நீ தனுஷ்கோடி சொன்னதுக்காகவா ஊரை விட்டுப் போனாய். அவர் சொன்னதை நீ சரி என்று நினைத்தாய், அதனால்தான் பேசவில்லை, அதனால்தான் மண்ணைத் தட்டிவிட்டுப் போனாய். நாம் இரண்டு பேரும் செண்பகத்தோப்புக்குப் பேச்சியம்மனைக் கும்பிடப் போனபோது ஓடையில் காலை விட்டுக்கொண்டு நீ சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. உனக்குத் தமிழ் தெரியும் என்று உன்னைச் செக்போஸ்டில் நிறுத்தினார்கள், வருகிற சனத்திடம் கேள்வி கேட்டு ஆபீசருக்கு இந்தியில் சொல்வதும், ஆபீசர் சொல்வதைச் சனத்துக்குத் தமிழில் சொல்வதும் உன் வேலை. ஒரு வயசான பொம்பளை தினம் வந்து, தம்பி என்ர மனுசன் அந்த வயலுக்க செத்துக் கிடக்கிறார், எடுத்துக்கொண்டு போய்க் குளிப்பாட்ட வேணும், விடச் சொல்லு ராசா என்று உன்னிடம் கேட்டாள். வயலில் கண்ணிவெடி இருக்கிறது, விட முடியாது என்று ஆபீசர் சொன்னார், போகக் கூடாது என்று நீ அவளுக்குத் தமிழில் சொன்னாய். அவள் ஆபீசரைப் பார்க்கவே இல்லை, உன்னையேதான் பார்த்தாள். ஒரு நாள் கேட்காமல் அவள்பாட்டுக்கு வரப்பில் இறங்கி நடந்தாள், நீ ஆச்சி ஆச்சி என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாய். அவள் காலடியில் வெடித்தது, உன்னைத் தூக்கி எறிந்தது, உன் காது அப்படிப் போனதுதான். மத்தவனுக்கு அவிய பேசுனது புரியலம்மா, அதனால தூங்குனான், எனக்கு அம்புட்டும் புரிஞ்சுச்சு என்று சொன்னாய். அவளையும் அவள் வீட்டுக்காரரையும் யார் எடுத்தார்கள், எடுத்தார்களா என்பதே உனக்குத் தெரியாது, கண் முழித்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் கூட்டத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாரும் உன்னைத் தோளில் தூக்கியிருப்பார்கள், சின்னக்கருப்பன் மறுபடியும் கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டியிருப்பான். இவனுகளுக்கு எதுக்கு அந்த ஆச்சி. கோழிக்குப் பயந்து மொட்டை அடிக்கிற கூட்டத்துக்குக் கொடுக்கிற அளவுக்கு அவள் மலிந்து போய்விட்டாளா.

ஆனால் நான் கூட்டத்தில் வாய்க்கு வந்தபடி கேட்ட கேள்வி வீட்டுக்கு வந்த பொறவும் என்னை விடவில்லை. செத்தது நம்ம சனமா அசல் சனமா. மத்தவர்கள் சங்கதி எனக்குத் தெரியாது, அந்த ஆச்சி உன்னைத் தம்பி என்றாள், ராசா என்றாள், நீ அவளுக்காக ஓடினாய். அவள் எனக்கு யார். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகச் செண்பகத்தோப்புக்குப் போய் அதே ஓடையில் தலை முழுகிவிட்டு வந்தேன். ஃபாரஸ்ட்காரன் ஒருத்தன், என்னம்மா இந்தக் குளிரில் என்றான், உனக்கென்ன, நீ மரத்தை எண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஈரத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கப்பா ஏறிட்டுப் பார்த்து, யாரு போனது என்று கேட்டார். அவருக்கு அந்தக் கதை தெரியாது, நான் சொன்னதில்லை. நமக்கு வேண்டிய ஒரு ஆச்சி, முத்துவீரன் வேலை பாத்த எடத்துல என்றேன். அவர் எழுந்தார். கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார், அகல் விளக்கு ஒன்றை ஏற்றி, ஒரு செம்புத் தண்ணீரும் மொண்டு நடுவீட்டு மூலையில் வைத்தார், அவர் ஆத்தா போனபோது வைத்தாரே அந்த இடத்தில். அந்த விளக்கு இன்னும் எரிகிறது. எண்ணெய் அவர்தான் ஊற்றுகிறார், தண்ணீரும் அவர்தான் மாற்றுகிறார், என்னைக் கிட்டே விடுவதில்லை. யாராச்சும் வந்து கேட்டா என்ன சொல்ல என்றேன். வீட்டுல ஒரு பெரிய மனுசி போயிட்டாக, பூனாவுல இருந்து மகன் வந்துதான் காரியம்னு சொல்லு என்றார். எனக்குத் தாலி கட்டின நாளில் இருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஆகவே மகனே, நான் உன்னைக் காப்புக் கட்ட வரச் சொல்லவில்லை. சட்டி எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம், அது எனக்கும் ஆத்தாவுக்கும் உள்ள பேச்சு, அவளை நான் சமாளித்துக்கொள்வேன், தனுஷ்கோடியைச் சமாளித்தவளுக்கு அவள் பெரிசில்லை. நம்ம வீட்டில் ஒரு கேதம் இருக்கிறது, அதை முடிக்க ஆம்பிளைப் பிள்ளை நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். பேர் தெரியாதே என்று யோசிக்காதே, ஆச்சி என்று சொல்லி எள்ளும் தண்ணியும் இறை, பக்கத்திலேயே அவள் மனுசனுக்கும் ஒரு கை இறை, அவரை எடுக்கத்தானே அவள் போனாள். ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கு, அக்கா வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வா, உன் மச்சான் தேர்க் கதையை ஆரம்பித்தால் கேட்காத காதை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்.

போன காது போகட்டும், இருக்கிற காதும் கண்ணும் கையும் காலும் நூறு வயசுக்கு உன்னோடு இருக்கட்டும், கண்ணை மூடினால் உனக்குத் தூக்கம் வரட்டும் என்று நம்ம ஆத்தாவையும் பேச்சியம்மனையும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, பட்டாளத்துப் பழக்கத்தில் அங்கேயே முடியை வெட்டிக்கொண்டு வந்து நிற்காதே. அப்படியே வா. இங்கே வந்துதான் ஆச்சிக்கு முடி எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன் அம்மா
வெள்ளத்தாய்